வாசல் கதவில் சித்தப்பாவின் கை

எங்கள் சித்தப்பாவின் வலது கை ஒருமுறை தேர்தல் விதிமீறலில் மாட்டிக்கொண்டது. கை மட்டும்தான். மற்றபடி சித்தப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. ஊரிலுள்ள எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பேனர் அடித்துக் கொடுத்துவிட்டு, தான் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதை வீட்டில்கூடச் சொல்லாத ஆள் அவர். அந்தக் கை மாட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் அண்ணன் ஓடியதைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பேச்சு அதிகம் கிடையாது. 'பஸ்', 'தண்ணி', 'போதும்' என்று தேவைக்கு ஒரு சொல். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் திடீரென்று இழுத்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். அதற்கும் மேலே போனால் ஓடுவான். லாரி பிரேக் போடும்போது காற்று சீறும் சத்தம் அவனுக்கு உயிர். எங்கள் பள்ளிக்கூடமோ கம்பத்திலிருந்து குமுளி போகும் ரோட்டின்மேலேயே இருந்தது. வாழைத்தார் லாரிகளும் கேரளா பஸ்களும் வாசலில் நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருக்கும்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அண்ணன் அதே வளாகத்தில், கடைசி அறையில் நடந்த சிறப்பு வகுப்பில் இருந்தான். அங்கிருந்து அவன் இரண்டு தடவை ரோட்டுக்கு ஓடியிருந்தான். முதல் தடவை பஞ்சர் கடையில், டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அடுத்த தடவை நின்றிருந்த லாரி ஒன்றின் அடியில். கழன்ற செருப்பை எடுக்கக் குனிந்த டிரைவர் தற்செயலாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்து வாசல் கதவைப் பூட்டி வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கதவின் ஒரு பக்கக் கீல் போய்விட்டிருந்தது. அதற்கு மனு கொடுத்திருந்தார்கள். மனு போய்க்கொண்டிருந்தது.

லாரிக்கு அடியில் கிடந்த அன்று தலைமையாசிரியர் அம்மாவை வரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ரோட்டில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலைப் பார்த்துப் பார்த்தே அவருடைய ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாகச் சொல்வார்கள்.

"இன்னொரு தடவ ஓடுனான்னா என்னால வச்சுக்க முடியாதுத்தா. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு ஒன் மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" என்றார்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். அம்மாவும் அதே ஜீப்பில் விடியலில் ஏறி, மேலே போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். அண்ணனுக்கு இந்த வகுப்பு கிடைக்கும்வரை அவள் ஜீப்பில் ஏறியதில்லை. அடுப்பைப் பற்றவைக்கும்போதும் குளிக்கப் போகும்போதும் பழைய சேலையால் அவன் இடுப்பை ஜன்னல் கம்பியோடு கட்டிவைப்பாள். வகுப்பு இல்லையென்றால் மறுபடி அந்தச் சேலைதான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சிறப்பு வகுப்புக்குப் புதிய டீச்சர் வந்தார். பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன வயது. சத்தம் போடாதவர். அண்ணனை வகுப்பில் விடப் போன சித்தப்பாவிடம் அவர் முதல் நாளே சொன்னார்: "அவனுக்குப் பிடிவாதம் இல்லீங்க. அடுத்து என்ன நடக்கும்னு தெரியல, அதான் பயப்படுறான். ஒங்க கண்ணக் கட்டி பஸ்ல ஏத்திவிட்டா சும்மா உக்காந்திருப்பீகளா?"

"டிக்கெட்டு யார் எடுத்தாகன்னு கேப்பேன்" என்றார் சித்தப்பா.

டீச்சர் சிரிக்கவில்லை. "அவன் அதத்தான் கேக்குறான்" என்றார்.

சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்தார்கள். அன்றைய நாளில் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இடமிருந்து வலமாகப் படங்களாக அதில் ஒட்டியிருக்கும். செருப்பு வாரில் பர்ரென்று பிரியுமே, அந்த ஒட்டுப்பட்டைதான் படத்துக்குப் பின்னாலும் முன்னாலும். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து போய் அந்தப் படத்தைப் பிய்த்துத் திருப்பி ஒட்ட வேண்டும். பின்பக்கம் நோட்டுக்கு அட்டை போடும் காக்கித்தாள். காக்கியாகிவிட்டால் அந்த வேலை முடிந்தது. கடைசிப் படமும் காக்கியாகிவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது. பையை எடுத்து, செருப்பைப் போட்டு, வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வகுப்பின் சட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

முதலில் டீச்சர் கொண்டுவந்த படங்கள் பயிற்சியில் கொடுத்தவை. அதில் கழிப்பறைக்கு வெள்ளை வெளேரென்று நாற்காலி மாதிரி ஒன்று போட்டிருந்தது. எங்கள் பள்ளியில் இருந்ததோ குத்தவைக்கிற கழிப்பறை. அண்ணன் அந்தப் படத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், அவருடைய வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் நின்று கால்சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். நல்லவேளை, அவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

நம்ம ஊர்ப் படமாக வேண்டும் என்றார் டீச்சர். சித்தப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. முன்னால் போட்டோ ஸ்டுடியோ, பின்னால் பேனர் மெஷின். அவர் கேமராவோடு வந்து குழாயடியைப் படம் எடுத்தார், சாப்பாட்டுத் தட்டை எடுத்தார். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் குழாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அண்ணன் குழாயைப் பார்க்கவே இல்லை, பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னணி எதுவும் இல்லாமல், வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டில், பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரிகிற மாதிரி வேண்டும் என்று டீச்சர் மறுபடி கேட்டார்.

மறுநாள் மாலையே சித்தப்பா ஏழு படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எல்லாம் லேமினேஷன் போட்டு, முனை மழுக்கி. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். இப்படித்தான் வேண்டும், இதை எப்படி ஒரே நாளில் வரைந்தீர்கள் என்று கேட்டார். சித்தப்பா அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

அவர் வரையவில்லை. போன உள்ளாட்சித் தேர்தலில் ஊர் முழுக்கச் சுயேச்சைகள் நின்றபோது அடித்த போஸ்டர்களின் தேர்தல் சின்னங்கள் எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்ட படங்கள். டீச்சர் கேட்டதும் அதைத்தான். இவை எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

வரிசை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மணி, காலை வணக்கத்துக்கு. வாளி, கை கழுவ. கரும்பலகை, பாடத்துக்கு. சைக்கிள், விளையாட. தட்டு, சாப்பாட்டுக்கு. கட்டில், படுக்க. ஆட்டோ, வீட்டுக்குப் போக. அண்ணன் உண்மையிலேயே ஆட்டோவில்தான் வீட்டுக்கு வருவான். பல பிள்ளைகளை அடைத்து ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து ஸ்டாண்டிலிருந்து வரும் அந்த ஆட்டோ.

எட்டாவதாக ஒரு படம் வாசல் கதவுக்கு. 'நில்' என்று சொல்ல, விரித்த ஒரு கை. இதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் இருந்ததை எடுக்கச் சித்தப்பாவுக்கே என்னவோ மனம் வரவில்லை. அது பெரிய கட்சியின் சின்னம், வம்பு என்று நினைத்திருக்கலாம். தன் வலது கையையே விரித்துப் படம் எடுத்து, ஒரு முழ உயரத்துக்கு அடித்து, கதவில் அண்ணனின் கண் மட்டத்தில் கட்டினார். அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களெல்லாம், "என்னப்பா, பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு ஆசீர்வாதம் பண்றியாமே" என்று கேட்டார்கள்.

அது வேலை செய்தது. அண்ணன் இடைவேளையில் வாசல் வரை வருவான். ரோட்டைப் பார்ப்பான். பிறகு படத்தில் இருந்த கையின்மேல் தன் கையை விரல் விரலாகப் பொருத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். திரும்பிப் போய்விடுவான். வகுப்பில் கடிப்பது குறைந்தது. யாராவது படத்தைத் திருப்ப மறந்துவிட்டால் இவன் எழுந்து போய்த் திருப்பினான். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புதுப் பல் தடம் இல்லை என்று கண்டுகொள்வாள். தலைமையாசிரியர் மட்டும் ஹாரன் கேட்டால் இன்னும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

பிறகு தேர்தல் வந்தது.

எங்கள் பள்ளிதான் எப்போதும் வாக்குச்சாவடி. ஒரு நாள் காலை இடைவேளை நேரத்தில், சாவடியைப் பார்வையிட ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கூடவே ஓர் உதவியாளர், ஒரு கையில் பசைவாளி, மறு கையில் பழைய பேப்பர்க் கட்டு. ஒரு படத்தின் முனை பிரிந்துவிட்டதென்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்ததால் சித்தப்பாவும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். நான் அண்ணனுக்கு அவன் வகுப்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். எல்லோரும் வாசலில் ஒன்றாக நின்றோம்.

"இதென்ன?" என்றார் அதிகாரி.

"கை சார்."

"கைன்னு தெரியுது. இங்க எதுக்கு?"

"பிள்ளைக வெளிய ஓடாம இருக்கத்தேன். இது கட்சிக் கையில்ல சார், ஏங் கை." சித்தப்பா தன் கையை விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இந்தா பாருங்க, பெருவெரல்ல தழும்பு. பேனர் வெட்டயில பிளேடு பட்டது."

அதிகாரி படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நேர்மையாகவே ஒப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஒத்துக்கிறேன், ஒங்க கைதான். ஆனா ஓட்டுப் போட வர்றவங்களுக்குத் தழும்பு தெரியாது. கை மட்டும்தான் தெரியும். மூடிருங்க" என்றார்.

சித்தப்பா கட்டை அவிழ்த்து, படத்தை மறுபுறம் திருப்பிக் கட்டினார். அதன் பின்பக்கமும் காக்கித்தாள்தான். டீச்சர் எல்லாவற்றுக்கும் ஒரே தாள் போடச் சொல்லியிருந்தார்.

அப்புறம் அண்ணனின் வகுப்பறை. நானும் பின்னாலேயே போனேன். வாக்குப்பதிவு அந்த அறையிலும் நடக்கும். டீச்சர் அப்போது வாந்தி எடுத்த ஒரு பையனைக் குழாயடிக்குக் கூட்டிப் போயிருந்தார். மற்ற பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். முதல் இரண்டு படங்கள் ஏற்கெனவே காக்கியாகியிருந்தன. அதிகாரி முனை பிரிந்திருந்ததைத் தூக்கிப் பார்த்தார்; மணி. அடுத்ததையும் தூக்கிப் பார்த்தார்; வாளி. பிறகு ஒவ்வொன்றாக வாய்விட்டே படித்தார். "கரும்பலகை... சைக்கிள்... தட்டு... கட்டில்..." ஆட்டோவுக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. வேட்பாளர் பட்டியலே சுவரில் ஏறியிருந்ததை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்திருக்கமாட்டார்.

"இதையெல்லாம் யார் செஞ்சது?"

"நாந்தேன் சார்" என்றார் சித்தப்பா, பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். அவர் பிரஷ்ஷைப் பசையில் முக்கினார். அதைக் கண்டதும்தான் சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்தது. இரண்டு கையையும் விரித்துப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். "ஒட்டாதீக சார், பசை பட்டா லேமினேஷன் போயிரும். பாவம் அந்த டீச்சர் எம்புட்டுப் பாடுபட்டுப் பழக்கிருக்காக. நானே திருப்பி வச்சிர்றேன். படமே தெரியாது பாருங்க."

மீதி ஐந்து படங்களையும் பர்ரு பர்ரென்று பிய்த்துத் திருப்பி ஒட்டினார். பலகை முழுக்கக் காக்கி. அதிகாரிக்கும் திருப்தி. படங்களைச் செய்தவர் சித்தப்பா. ஆனால் வகுப்பு நடக்கும்போது அவர் ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. காக்கித்தாள் அவருக்கு வெறும் பின்பக்கம். தான் எந்தக் கட்சியும் இல்லை என்பதை எழுத்தில் கொடுக்கத் தயார் என்று சொல்லிக்கொண்டே அதிகாரியின் பின்னால் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். ஒரு முழு நாள் ஒரே மூச்சில் முடிந்ததை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாப்பாடு இல்லை, படுக்கை இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. எதற்கும் அவசரப்படாத ஒரு பெண் முதலில் எழுந்து தன் சிலேட்டைப் பைக்குள் வைத்தாள். அடுத்து அண்ணன் எழுந்தான்.

தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள் என்று நானும் நம்பினேன். என் பையை எடுக்க வகுப்புக்கு ஓடினேன். இடைவேளை முடிந்து மணி அடித்திருந்தது. பள்ளிக்கூடத்தை யார் விட்டது என்று எங்கள் டீச்சர் கேட்டார். ஓட்டுக்காரர்கள் என்றேன். உட்கார் என்றார். உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வாசலை நோக்கி ஒரு பையன் போய்க்கொண்டிருந்தான். யார் என்று சட்டென்று தெரியவில்லை. அந்த வாசலில் அண்ணனை நான் ஓடித்தான் பார்த்திருக்கிறேன். இவன் நடந்துகொண்டிருந்தான். செருப்பு போட்டிருந்தான். பை மாட்டியிருந்தான். தண்ணீர் பாட்டில் கழுத்தில் தொங்கியது. கதவுக்குப் பக்கத்தில் நின்று, கை இருந்த இடத்தைப் பார்த்தான். காக்கி. அதுவும் முடிந்துவிட்டது போலும். வெளியே போனான். மற்ற பிள்ளைகள் உள்ளேயே, வழக்கமாக ஆட்டோ வந்து நிற்கும் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டோ இல்லாததைக் கண்டு, அது எங்கிருந்து வருமோ அங்கே போக முடிவு செய்தவன் அண்ணன் மட்டும்தான். ஸ்டாண்ட் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

டீச்சரிடம் கேட்காமலே எழுந்து ஓடினேன்.

அதிகாரி வேலை முடிந்து ஜீப்பில் ஏற வந்திருந்தார். சித்தப்பா இன்னும் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். அண்ணன் ரோட்டில் கால் வைத்துவிட்டான். கம்பத்துப் பக்கமிருந்து வாழைத்தார் லாரி ஒன்று, தார் ஆட ஆட வந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. அதிகாரிதான் ரோட்டுக்குள் பாய்ந்தார். லாரிக்கு நேராக நின்று வலது கையை விரித்து உயர்த்தினார்.

லாரி சீறிக்கொண்டு நின்றது. அண்ணனும் நின்றான். நட்ட நடு ரோட்டில், ஒரு காலை முன்னால் வைத்தபடி, அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். காற்று சீறிய சத்தம் அவன் முகத்தில் பரம சந்தோஷமாக ஓடியது. ஆனால் கால் அசையவில்லை.

லாரிக்குப் பின்னால் குமுளி பஸ் நின்றது. அதற்குப் பின்னால் ஜீப்புகள். சித்தப்பா ஓடிவந்து அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏன் சார், ஓட்டுக் கேக்குறதுன்னா ரோட்ட மறிச்சுத்தேன் கேக்கணுமா?" என்றார். அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "சார், கைய எறக்குங்க."

"எறக்குனா லாரி வந்துருமேம்மா."

"லாரிக்கில்ல சார். அவனுக்கு. நீங்க எறக்குனாத்தான் அவன் போவான்."

அதிகாரி ஒன்றும் புரியாமல் கையை மெதுவாக இறக்கினார். அண்ணன் அடுத்த காலை எடுத்து வைத்து, மீதி ரோட்டைக் கடந்து, காலியாக நின்ற ஆட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "என்னடா மாப்ள, இன்னைக்கிச் சீக்கிரம்" என்றார்.

பத்து நிமிடம் கழித்து எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் இருந்தார்கள். அண்ணனை அந்த ஆட்டோவிலேயே பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் அவனோடு வெளியே வராந்தாவில் ஜன்னலுக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.  தலைமையாசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கு அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன், இனி வைத்துக்கொள்ள முடியாது என்றார். சித்தப்பா, தப்பு என்னுடையது, நான்தான் திருப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யார் தப்பாக இருந்தாலும் லாரிக்கு அது தெரியாது என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஓடுனா வச்சுக்க முடியாதுன்னுதான சார் சொன்னீங்க. அவன் ஓடல. பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சுன்னு செவுத்துல போட்டிருந்துச்சு. பையை எடுத்தான், செருப்பப் போட்டான், கெளம்பிட்டான். நம்ம சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்ச பிள்ளைய வெளிய அனுப்புனா, நான் நாளைக்கு இங்கன வந்து என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?"

 அதிகாரி, அந்தக் காக்கிக்கு அர்த்தம் என்ன, கைக்கு அர்த்தம் என்ன என்று ஒவ்வொன்றாக டீச்சரிடம் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு பெருமூச்சு. "சாவடி வேலைக்கு வர்ற எங்க ஆளுகளுக்கு மூணு தடவ வகுப்பெடுக்குறோம் சார். ஒருத்தரும் இம்புட்டு ஒழுங்காச் செய்யிறதில்ல" என்றார்.

தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பையை மடியில் வைத்தபடி, ஆட்டோ ஏன் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே திரும்பியது என்ற கவலையில் இருந்தான்.

"சரி. நடந்துதான் போனான்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அது ஓட்டம் இல்ல."

அதிகாரி விதியை விடவில்லை. ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் பிள்ளைகள் போன பிறகு படங்களைக் கழற்றி எடுத்துவிட வேண்டும், திருப்பி வைக்கக் கூடாது என்று டீச்சரே ஒரு வழி சொல்ல, ஒத்துக்கொண்டார். கதவுக்கு மட்டும் வெறும் கை கூடாது, ஆள் முழுசாக நின்றால் அது சின்னம் ஆகாது என்றார். அப்படித்தான் சித்தப்பா கையைத் தூக்கியபடி தலை முதல் கால் வரை பள்ளி வாசலில் ஏறினார். போட்டோவுக்காகச் சட்டையை இஸ்திரி போட்டு, பவுடரும் அடித்திருந்தார். பல வருடம் அங்கே நின்றார். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒருவர், இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றாராம். இன்னொன்றும் நடந்தது. வாக்குச்சாவடிக்குக் கதவு இருந்தே ஆக வேண்டும் என்பதால், மனுவில் கிடந்த கீல் அந்த வாரமே வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் ஜீப் வந்தது. சித்தப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். லாரியாக நின்றார், அதிகாரியாக நின்றார். அப்பா சுத்தமாக இருந்த ஜீப் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைத் தனியே உள்ளே கூட்டிப் போனாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சேலையில் ஏலக்காய் வாசனை.

"ஓடுனானாத்தா?"

"இல்லம்மா. நடந்தான்."

"செருப்பு?"

"போட்டிருந்தான்."

"மாத்திப் போட்டிருந்தானா?"

"சரியாத்தான் போட்டிருந்தான்."

"பைய யாரு மாட்டிவிட்டது?"

"அவனே மாட்டிக்கிட்டான்."

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் லாரி எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதைக் கையால் அளந்து காட்டத் தொடங்கினேன். அவள் பார்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றானே, அப்போது கை இருந்த இடத்தைப் பார்த்தானா என்று கேட்டாள். பார்த்தான் என்றேன். தண்ணீர் பாட்டிலைக்கூடவா எடுத்தான் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி செருப்பிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசை மாறாமல் சொல்லிவிட்ட பிறகும், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்ற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அதிகமில்லை.

மறுநாள் விடியலில் ஜீப்புக்குள் பெண்கள் ஏறி உட்காரும் சத்தத்தில் விழித்தேன். அண்ணன் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே அம்மாவின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

"நேத்து எம் மகன் பள்ளிக்கூடம் முடிஞ்சு அவனாவே கெளம்பிட்டான்க்கா. பைய மாட்டிக்கிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டு."

அதுக்கென்னடி இப்ப, எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே வரும் என்றாள் ஒருத்தி. "ஆமா" என்றாள் அம்மா. ஜீப் கிளம்பிவிட்டது.

லாரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் நின்றதையும், அதிகாரி கையை இறக்காமல் திண்டாடியதையும், டிரைவர் கேட்ட கேள்வியையும் சொல்லவே இல்லை. அவ்வளவு நன்றாக நடந்த ஒரு சம்பவத்தில் சொல்வதற்கென்று இருந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. சாயங்காலம் வந்ததும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனேன்.